ஆர்ஜினின்தான் காப்பாற்றியதா? மெலாஸ் நோயுள்ள ஓர் இளைஞரின் நிகழ்வு ஆய்வு

பக்கவாதம் என்று எழுதிய சீட்டோடு எங்களிடம் வந்தவருக்கு வயது 22. எடை 39 கிலோ, உயரம் 151 சென்டிமீட்டர். பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். குடும்பத்துக்குப் பூர்விகம் திருவண்ணாமலைப் பக்கம். அப்பா கட்டட மேஸ்திரி. பையன் பி.காம் முடித்துவிட்டு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்தது மெலாஸ்: செல்லுக்குள் ஆற்றலைச் செய்யும் மைட்டோகாண்ட்ரியாவின் பழுதால், ரத்தக்குழாயில் அடைப்பு இல்லாமலே பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் வரும் மரபு நோய். தலைப்பில் இருக்கும் ஆர்ஜினின், அதற்குக் கொடுக்கப்படும் ஓர் அமினோ அமிலம். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் வந்தது தலைவலி. கூடவே வாந்தி. இடது பக்கம் பட்டாசு வெடிப்பது போல வெளிச்சம் தெரிகிறது என்று இரண்டு நாள் சொல்லியிருக்கிறார். அப்புறம் இடது பக்கமே தெரியவில்லை. பில் கவுண்டரில் இடப்புறம் நின்ற வாடிக்கையாளரைக் கவனிக்காமல் அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் இடது கை வெட்டி வெட்டி இழுக்க, வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். அங்கே சி.டி. எடுத்து, மூளையின் பின்பக்கம் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்று ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, வலிப்புக்கு வால்ப்ரோயேட் ஆரம்பித்தார்கள். சர்க்கரை 248 இருந்ததால் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காரணம் இருந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்காம் நாள் பையன் எழுப்பினாலும் எழாத அளவுக்கு மயங்கிக் கிடந்தார், வலிப்பும் நிற்கவில்லை.

அந்த சி.டி. அறிக்கையில் ஒரு வரி இருந்தது. மூளையின் ஆழத்தில் இருபுறமும் சுண்ணாம்புப் படிவு, "வயது சார்ந்தது" என்று. 22 வயதில் என்ன வயது சார்ந்தது? பெரும்பாலும் அச்சில் இருக்கும் வார்ப்புரு வாக்கியம் அப்படியே ஏறியிருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் உயரம், எடை, சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்கத் தோன்றியது.

எம்ஆர்ஐயில் வலது பின்மண்டையிலிருந்து காதுக்கு மேலுள்ள பொட்டுப் பகுதி வரை மூளையின் மேலடுக்கு வீங்கியிருந்தது. அந்த வீக்கம் எந்த ஒரு ரத்தக்குழாயின் எல்லைக்குள்ளும் அடங்கவில்லை. இரண்டு குழாய்களின் பகுதிகளைத் தாண்டிப் பரவியிருந்தது. ரத்தக்குழாய்ப் படமோ சுத்தமாக இருந்தது. அடைப்பே இல்லாமல் பக்கவாதம் மாதிரி ஒன்று. மூளையில் உள்ள வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில், மைட்டோகாண்ட்ரியா சரியாக வேலை செய்யாதபோது தேங்கும் லாக்டேட்டின் முனை நீட்டிக்கொண்டு நின்றது. ரத்த லாக்டேட் 5.8, சாதாரணமாக 2-க்குள் இருக்க வேண்டியது. காது சோதனையில் இரு பக்கமும் நரம்பு சார்ந்த கேட்புக் குறை. அம்மாவிடம் கேட்டால், "டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுப்பான் சார், அது வீட்டுப் பழக்கம்னு நினைச்சோம்" என்றார். அது உண்மையிலேயே வீட்டுப் பழக்கம்தான். அம்மாவுக்கும் காது மந்தம், அப்பாவுக்கும் மந்தம். அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா நோய் என்றால் தாய்வழி என்று பாடம் படித்திருக்கிறோம். அப்பாவுக்கும் அதே தொந்தரவுகள் இருந்தால், இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பழுதான மரபணு வந்து சேர்ந்த நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் இயல்பாக வரும். மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கும் போல்ஜி (POLG) என்ற மரபணுவின் நோய்கள் பல அந்த வகையைச் சேர்ந்தவை. அதில் வால்ப்ரோயேட் கொடுத்தால் கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம். எனவே வந்த அன்றே அதை நிறுத்திவிட்டு லெவெடிராசிட்டம் என்ற வேறொரு வலிப்பு மருந்தைக் கொடுத்தோம். பிறகுதான் குடும்ப மரத்தை உட்கார்ந்து வரைந்தேன்.

அம்மா கட்டியிருப்பது தன் தாய்மாமனை. அதாவது பையனின் அப்பாவும் பையனின் அம்மாவழிப் பாட்டியும் உடன்பிறந்தவர்கள். "சொந்தத்துல கட்டினதாலதான் இப்படின்னு எல்லாரும் சொல்றாங்க" என்று அம்மா அழ ஆரம்பித்தார். காகிதத்தில் வரைந்து பார்த்தால் கதை வேறு. பையனின் கொள்ளுப்பாட்டி தன் மகளுக்கும் கொடுத்திருக்கிறார், மகனுக்கும் கொடுத்திருக்கிறார். மகள் வழியாக அது பேத்திக்கு வந்து, பேத்தி வழியாகப் பையனுக்கு வந்துவிட்டது. மகனான அப்பாவுக்கும் நோய் இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து பிள்ளைகளுக்கு எதுவும் போகவில்லை, ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியா கருமுட்டையோடுதான் வருகிறது. அம்மா யாரைக் கட்டியிருந்தாலும் இது வந்திருக்கும். ரத்த சொந்தத்தில் திருமணம் வேண்டாம் என்று நான் தினமும் யாரிடமாவது சொல்கிறவன்தான். இந்தக் குடும்பத்தில் மட்டும் அந்தப் பழியை எடுத்துவிட வேண்டியிருந்தது.

மரபணு சோதனை முடிவு எதிர்பார்த்தபடியே வந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ மொத்தம் 16,569 எழுத்துகள்தான். அதில் 37 மரபணுக்கள். 3243ஆம் எழுத்தில் அடினின் இருக்க வேண்டிய இடத்தில் குவானின். மெலாஸ் நோயாளிகளில் பெரும்பாலோரிடம் காணப்படும் மாற்றம் இது. நோய்க்கு 1984-இல் பெயர் வைத்தார்கள். இந்த எழுத்துப் பிழையை 1990-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். பையனின் ரத்தத்தில் 31 சதவீதம் பிழையான டிஎன்ஏ, சிறுநீரில் வரும் செல்களில் 68. வயது ஏற ஏற ரத்தத்தில் இந்த அளவு குறைந்துகொண்டே போகும் என்பதால், பெரியவர்களுக்கு ரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று சொல்லக் கூடாது. அம்மாவின் ரத்தத்தில் 12தான், சிறுநீரில் 55. தசையை வெட்டிப் பார்க்கத் தேவைப்படவில்லை.

முதல் வாரச் சிகிச்சையில் பாதி, நிறுத்துகிற வேலைதான். வால்ப்ரோயேட்டை நிறுத்தியாயிற்று. மெட்ஃபார்மின், மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றலைச் செய்யும் புரதத் தொகுதிகளில் முதல் தொகுதியையே தடுக்கும், லாக்டேட்டை ஏற்றும். அதை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினோம். அடைப்பே இல்லாததால் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் போயின. பட்டினி கிடக்காமல் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்ஸ். இதோடு ஆர்ஜினின்.

ஆர்ஜினின் ஏன்? மெலாஸில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களின் சுவரில் கோளாறான மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகிக் கிடக்கும். குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு அங்கே போதாமல் போகிறது. ஆர்ஜினினிலிருந்துதான் உடம்பு நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிறது. மெலாஸ் நோயாளிகளின் ரத்தத்தில் ஆர்ஜினின் குறைந்திருப்பதையும், கடுமையான கட்டத்தில் அதை ரத்தநாளத்தில் ஊசி வழியாகக் கொடுத்தபோது அறிகுறிகள் தணிந்ததையும் ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தில் கோகாவின் குழு 2005-இல் எழுதியது. அதிலிருந்துதான் உலகம் முழுக்க இந்தப் பழக்கம் பரவியது. அளவு, கிலோவுக்கு அரை கிராம். நம் ஆளுக்கு 19 கிராம்.

எங்கள் மருந்தகத்தில் ஊசி ஆர்ஜினின் இல்லை. ஊரில் கேட்டுப் பார்த்ததில், பிறந்த குழந்தைகளின் யூரியா சுழற்சிக் கோளாறுகளைப் பார்க்கும் ஒரு மருத்துவமனையில் இருந்தது. அது கைக்கு வர மறுநாள் மதியம் ஆகிவிட்டது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது சிகிச்சை வழிகாட்டி. நாங்கள் கொடுத்தது நோய் தொடங்கி ஒரு வாரம் கழித்து. மருந்து ஏறும்போது ரத்த அழுத்தம் 90/60-க்கு இறங்கியது, வேகத்தைக் குறைத்தோம். ஹைட்ரோகுளோரைடு உப்பாக வருவதால் பொட்டாசியத்தையும் அமிலத் தன்மையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் கண் திறந்து அம்மாவிடம் காபி கேட்டார். வார்டில் எல்லோரும் ஆர்ஜினின் அதிசயம் என்றார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. வால்ப்ரோயேட் உடம்பை விட்டுப் போக எடுக்கும் நேரமும் அதேதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது வாய் வழி ஆர்ஜினின் எழுதினோம்: 3 கிராம் சாஷே, ஒரு நாளைக்கு மூன்று. இந்த சாஷே நம் ஊர் மெடிக்கல் ஷாப் எல்லாவற்றிலும் கிடைக்கும், ஆனால் வேறு காரணத்துக்காக. வயிற்றில் குழந்தை வளர்ச்சி குறைவாக இருந்தால் மகப்பேறு மருத்துவர்கள் இதை எழுதுவது இங்கே வழக்கம். டப்பாவின் மேலே கர்ப்பிணிப் பெண் படம். முதல் முறை வாங்கப் போன அப்பாவிடம், "எத்தனாவது மாசம் சார்?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். காது கேட்காத அப்பா, எத்தனை மாதத்துக்கு மருந்து என்று கேட்கிறார் போல என நினைத்து, "தெரியலப்பா, டாக்டர் வாழ்நாள் முழுக்கன்னு சொல்றாரு" என்றிருக்கிறார். இதைச் சொல்லிச் சொல்லி அந்தக் குடும்பம் சிரித்தது. சிரிக்க அவர்களுக்கு வேறெதுவும் இல்லாத நேரம்.

சாஷேவின் கசப்பும் ஒரு மாதிரி வாடையும் பையனுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரில் கலந்தால் குமட்டல், மோரில் கலந்தால் மோரே பிடிக்காமல் போயிற்று. கடைசியில் அம்மா கண்டுபிடித்த வழி, ஆறிய தக்காளி ரசத்தில் கலந்து ஒரே மூச்சில் குடிப்பது. புளிப்பில் கசப்பு அடங்கிவிடுகிறது. வயிற்றுப்போக்கு வந்தபோது மூன்று வேளையை ஐந்து வேளையாகப் பிரித்தோம், சரியாகிவிட்டது.

இதற்கு நடுவில் சித்தப்பா மகன் ஒருவன் ஜிம்மிலிருந்து பெரிய டப்பா ஒன்றைக் கொண்டுவந்தான். மரபணு அறிக்கையில் 'லூசின் டிஆர்என்ஏ' என்று இருந்ததைப் படித்திருக்கிறான். பிழையுள்ள மரபணு செய்யும் மூலக்கூறு அது; லூசின் என்ற அமினோ அமிலத்தைப் புரதம் கட்டும் இடத்துக்கு எடுத்துப் போவதுதான் அதன் வேலை. டப்பாவின் மேலும் 'லூசின்' என்று இருந்தது. "லூசின் எடுத்துட்டுப் போறதுதானே சார் பழுது? அப்போ லூசினையே நிறைய குடுத்தா?" என்று கேட்டான். சிரித்து ஒதுக்கிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் நல்ல கேள்வி அது. பதில் இதுதான்: குடோனில் சரக்கு நிறைய இருக்கிறது, முகவரியைப் படிக்கத் தெரியாத டெலிவரி ஆள்தான் பிரச்சினை. இன்னும் சரக்கு இறக்கினால் என்ன ஆகும்?

அதே சமயம், அவன் சொன்னது வேறொரு நோய்க்குப் பொருந்தும். டிஆர்என்ஏயில் அமினோ அமிலத்தை ஏற்றிவிடும் நொதிகள் தனி. அவை மந்தமாக வேலை செய்யும் அரிய நோய்களில், சரக்கைக் கூட்டினால் நொதி கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரக் குழு 2021-இல் இப்படிப்பட்ட நான்கு பேருக்கு அவரவருக்கு உரிய அமினோ அமிலத்தைக் கொடுத்து, வளர்ச்சியிலும் தொற்றைத் தாங்குவதிலும் முன்னேற்றம் கண்டதாக எழுதியிருக்கிறது. அந்த நொதிகள் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே வேலை செய்பவை. 'அமினோ அமிலச் சிகிச்சை' என்று ஒரே பெயரில் இவற்றையெல்லாம் கூட்டிப் பேசுவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஆர்ஜினின் ரத்தக்குழாயைக் குறிவைக்கிறது, மரபுப் பிழையைத் தொடுவதே இல்லை. உடம்புக்குள் ஆர்ஜினினாக மாறும் சிட்ருலினும் அதே வழிதான். மெலாஸ் நோயாளிகளில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியை ஆர்ஜினினைவிட அதிகமாக அது கூட்டியதாக 2012-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. நைட்ரிக் ஆக்சைடு கூடியதைக் காட்டினார்கள், வலிப்பு குறைந்ததை அல்ல. ஜிம் டப்பாவைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். அதில் காஃபீனும் இருந்தது.

ஒன்பது மாதம் அமைதியாகப் போனது. ஜூலை மழையில் வீடு முழுக்க வைரஸ் காய்ச்சல். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, சாஷேவையும் வாந்தி எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் காலை தெளிவாக, வேகமாக, ஆனால் அர்த்தமே இல்லாமல் பேச ஆரம்பித்தார். தமிழும் கன்னடமும் பாதிப் பாதிச் சொற்களாக. அம்மா சொன்னது எதுவும் அவருக்குப் புரியவில்லை. இந்த முறை இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார்கள், மருந்தும் எங்களிடம் இருப்பில் இருந்தது. எம்ஆர்ஐயில் இப்போது இடது பொட்டுப் பகுதி.

ஆர்ஜினின் ஏற்றிக்கொண்டே, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்தோம். கை கால் எதுவும் இழுக்கவில்லை, ஆனால் இடது பொட்டுப் பகுதியில் வலிப்பு ஓடிக்கொண்டேயிருந்தது. வலிப்பை அடக்கும் மிடாசோலமும் லாகோசமைடும் கொடுத்தபின் திரையில் அது அடங்கியது. மறுநாள் அம்மாவின் பெயரைச் சொன்னார். ஒரு வாரத்தில் பேச்சு பெரும்பாலும் திரும்பியது.

இந்த நோயைப் பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாக இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். அமெரிக்காவின் மைட்டோகாண்ட்ரியா மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆர்ஜினினுக்கு இடம் உண்டு. பிரிட்டனின் நியூகாசிலை மையமாகக் கொண்ட நிபுணர்கள், இந்தப் பக்கவாதம் போன்ற நிகழ்வே அடிப்படையில் வலிப்புதான், வலிப்பை உடனடியாகக் கடுமையாக அடக்குங்கள், ஆர்ஜினினுக்குப் போதிய சான்று இல்லை என்கிறார்கள். ஜப்பானில் நடந்த வாய் வழி ஆர்ஜினின் சோதனையும் தான் வைத்துக்கொண்ட முதன்மை இலக்கை எட்டவில்லை. நம் பையனின் இஇஜியைப் பார்த்த பிறகு என் மனம் நியூகாசில் பக்கம்தான் சாய்கிறது. முதல் முறை நாங்கள் இஇஜியை ஒரே ஒரு தடவை எடுத்தோம்; இப்போதெல்லாம் இப்படி ஒருவர் வந்தால் தொடர்ந்து ஓடவிடுகிறோம். அதற்காக ஆர்ஜினினை நிறுத்தினேனா என்றால், இல்லை. தீங்கு குறைவு, காரணம் ஒன்று இருக்கிறது, குடும்பம் அதை நம்புகிறது. வரிசையை மட்டும் மாற்றிவிட்டேன்: வலிப்பு மருந்து போட்ட பிறகுதான் ஆர்ஜினின்.

மரபுப் பிழைக்கு நேரே பக்கத்தில் போகும் ஒன்று உண்டென்றால், அது டாரின் என்ற அமினோ அமில வகைப் பொருள். லூசின் டிஆர்என்ஏ தன் குறியீட்டைச் சரியாகப் படிக்க, அதன் படிக்கும் முனையில் டாரின் ஒட்டியிருக்க வேண்டும். 3243 பிழை இருந்தால் டாரின் ஒட்டுவதில்லை; முதல் தொகுதியின் என்டி6 போன்ற புரதங்கள் சரியாக உருவாகாமல் போகின்றன. இதை டோக்கியோவில் 2000-த்தையொட்டிய ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள். பிறகு ஒகாயாமா மாநிலத்தின் கவாசாகி மருத்துவக் கல்லூரி தலைமையில், அடிக்கடி நிகழ்வு வரும் 10 நோயாளிகளுக்கு எடையைப் பொறுத்துத் தினமும் 9 அல்லது 12 கிராம் டாரின், 52 வாரம் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 2.22 ஆக இருந்த நிகழ்வு 0.72 ஆயிற்று, ஆறு பேருக்கு மதிப்பீட்டுக் காலத்தில் ஒன்றுகூட வரவில்லை. ஐந்து பேரின் ரத்த வெள்ளணுக்களில், டிஆர்என்ஏயில் டாரின் ஒட்டும் அளவே கூடியிருந்தது. இந்தக் கடைசி விவரம்தான் எனக்கு முக்கியம்: மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சின்னச் சோதனை என்பதும் உண்மை. ஜப்பான் 2019-இல் இதற்கு அனுமதி கொடுத்தது.

இதை நான் சொன்ன அடுத்த வாரம் அப்பா ஒரு பையில் எனர்ஜி டிரிங்க் டப்பாக்களோடு வந்தார். "இதுலயும் டாரின்னுதானே சார் போட்டிருக்கு?" போட்டிருந்தது. 250 மில்லி டப்பாவில் 1 கிராம். 9 கிராமுக்கு ஒன்பது டப்பா. அதோடு சர்க்கரை நோயாளிக்கு ஒன்பது டப்பா சர்க்கரை, ஒன்பது டப்பா காஃபீன். தூய்மைச் சான்றிதழோடு வரும் டாரின் தூளை வரவழைக்க வழி பார்த்து, நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்து, சிறுநீரகம் நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டு 9 கிராமில் தொடங்கினோம். இதற்குச் சுவை பெரிதாக இல்லை; ரசம் தேவைப்படவில்லை.

ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஒற்றைத் தலைவலி இரண்டு முறை கொத்தாக வந்து போனது. பக்கவாதம் போன்ற நிகழ்வு வரவில்லை. லாக்டேட் 3-ஐ ஒட்டி நிற்கிறது, இயல்புக்கு வரவில்லை. இந்த நோயில் நிகழ்வுகளுக்கு இடையிலான இடைவெளி ஒரே சீராக இருப்பதில்லை என்பதால், ஓராண்டு அமைதியை டாரினின் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. குடும்பம் எழுதிவிட்டது. இடது பக்கப் பார்வையில் கால்வாசி இன்னும் இல்லை. பில் கவுண்டரை விட்டுவிட்டு அதே கடையில் ஸ்டாக் பார்க்கிறார். பர்ஸில் ஒரு அட்டை இருக்கிறது, தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்: வால்ப்ரோயேட் வேண்டாம், மெட்ஃபார்மின் வேண்டாம், காய்ச்சலிலும் வாந்தியிலும் பட்டினி போடாதீர்கள், உடனே இஇஜி.

உறவினர்களின் கவலையெல்லாம் பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பதில் இருந்தது. அவரால் பிள்ளைகளுக்கு இது போகாது என்று நான் சொன்னதும் கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் மெதுவாக எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவருக்குப் போன வருடம்தான் கல்யாணம். எப்போதாவது தலைவலி வருவதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை; சிறுநீர்ச் சோதனையில் 40 சதவீதம். கருவிலேயே சோதித்தாலும் அந்தச் சதவீதத்தை வைத்துக் குழந்தை எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தானமாகப் பெற்ற கருமுட்டை ஒரு வழி. வேறொரு பெண்ணின் மைட்டோகாண்ட்ரியாவை வைத்துக் கருவுண்டாக்கும் முறைக்கு பிரிட்டன் 2015-இல் சட்ட அனுமதி கொடுத்தது. அப்படி எட்டுக் குழந்தைகள் பிறந்ததை நியூகாசில் குழு 2025-இல் அறிவித்தது. அல்சூரிலிருந்து எட்டுகிற தூரத்தில் அது இல்லை என்பதையும் சொன்னேன். சாஷேவை இப்போதே குடிக்க ஆரம்பித்தால் குழந்தைக்கு வராமல் தடுக்குமா என்று கேட்டார். தடுக்காது என்றேன். கணவரோடு அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருவதற்குள் சர்க்கரை, காது சோதனை, இசிஜி, எக்கோ நான்கையும் முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.